புல் பிழைக்கும், மருந்து சாகும்

நெல் தரிசு உளுந்தில் புல்லை ஒழிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்: விதைத்த இருபதாம் நாள் குவிசலோபாப் அடி. மூன்று நாளில் சாகாவிட்டால் இரட்டிப்பாகக் கலந்து மறுபடி அடி. காசு இடித்தால் பாதியாகக் குறைத்து அடி. வருஷா வருஷம் அதையே அடி. களை எடுக்கும் ஆளை மறந்துவிடு. புல்லுக்கு எதிர்ப்புத் திறன் வரும் என்பது ஆராய்ச்சிக்காரர்களின் பூச்சாண்டி. அப்படியே வந்தாலும் கம்பெனிக்காரன் புதிதாக ஒன்றைக் கொண்டுவருவான். பர்மா உளுந்து இறக்குமதியை நிறுத்த இதைவிட வழியில்லை.

இத்தனை தவறுகளை இரண்டு பக்கத்துக்குள் அடக்குவதற்கும் ஒரு திறமை வேண்டும். கட்டுரையாளருக்கு அது இருக்கிறது. படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே புரட்டிவிடலாம்தான். ஆனால் தை மாதம் வந்தால் இந்த யோசனையை நம்பி மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். பதில் அவர்களுக்காக.

அவர் சொன்னதில் சரியானதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும்போது, மண் மெழுகு பதத்தில் இருக்கையில், நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தை வீசி விதைப்பதுதான் டெல்டா வழக்கம். உழவு இல்லை, வரிசை இல்லை, கொத்திவிட இடமும் இல்லை. இறவை உளுந்து என்றால் விதைத்த மூன்றாம் நாள் பெண்டிமெத்தலின் அடிக்கலாம். இங்கே நெல் அடர்ந்து நிற்கும்போது அந்த மருந்து மண்ணுக்கு எப்படிப் போய்ச் சேரும்? அறுவடை முடிந்து பார்த்தால் உளுந்தோடு குதிரைவாலிப் புல்லும் முளைத்திருக்கும். அறுத்த தாளில் மறுதாம்பு நெல்லும் துளிர்த்திருக்கும். அந்த நேரத்தில் களை எடுக்க ஆள் தேடிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். ஆகவே முளைத்த பிறகு அடிக்கும் புல் மருந்து நமக்குத் தேவை. இதில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை. தேவையான அந்த மருந்தை எவ்வளவு சீக்கிரம் உதவாமல் போகச் செய்யலாம் என்பதற்கு அவர் வழிகாட்டி எழுதியிருக்கிறார் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

முதல் கோளாறு, மருந்து எப்படிக் கொல்கிறது என்பதே தெரியாமல் எழுதியது. செடிக்குக் கொழுப்பு வேண்டும். புதிய செல் ஒன்று உருவாக அதன் சவ்வுக்குக் கொழுப்பமிலம் வேண்டும். அதை உண்டாக்கும் முதல் படியை நடத்துவது அசிடைல் கோ-ஏ கார்பாக்ஸிலேஸ் என்ற நொதி. புல் இனத்தின் பசுங்கணிகத்தில் அது ஒரே பெரிய புரதமாக இருக்கிறது. உளுந்து, பாசிப்பயறு, துவரை போன்றவற்றின் பசுங்கணிகத்தில் அதே வேலையைப் பல துண்டுகள் கூடிய வேறு அமைப்பு செய்கிறது. குவிசலோபாப், பெனாக்சாப்ராப், கிளெத்தோடிம் எல்லாம் முதல் வகையை மட்டுமே முடக்கும். புல் சாகிறது, உளுந்து நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் இந்த வேறுபாடு ஒன்றுதான்.

இலையைக் கருக்கும் மருந்து இல்லை இது. உள்ளே போய், வளரும் குருத்துக்கு நகர்ந்து, புதிய செல் உண்டாவதை நிறுத்துகிறது. பழைய இலை சில நாள் பச்சையாகவே நிற்கும். ஒரு வாரம் கழித்து நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அடி பழுப்பேறி அழுகியிருக்கும். முழுப்புல்லும் காய இரண்டு மூன்று வாரம் ஆகும். மூன்றாம் நாள் பச்சையைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டுவதும், இரட்டிப்பாகக் கலந்து மறுபடி அடிக்கச் சொல்வதும், ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கிற புல்லுக்காக விவசாயியின் பணத்தை மண்ணில் ஊற்றுகிற வேலை. கேட்டதா கேட்கவில்லையா என்று பார்க்கக் குருத்தை இழுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் அவர் கட்டுரைக்கு ஒரு வரியாவது பயன் இருந்திருக்கும்.

அதே அறியாமையில் இன்னொரு வாக்கியமும் வந்திருக்கிறது. இந்த நொதி புல்லுக்கு மட்டும் உரியதாம், மனிதனுக்குக் கிடையாதாம், எனவே வெறுங்கையால் கலக்கலாமாம். மனித உடலிலும் அசிடைல் கோ-ஏ கார்பாக்ஸிலேஸ் இருக்கிறது. கொழுப்பை உண்டாக்க நமக்கும் அது வேண்டும். போதாததற்கு, புட்டிக்குள் இருப்பது மருந்து மட்டும் இல்லை. அதைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான் தோலையும் கண்ணையும் எரிக்கக்கூடியது. கையுறை போடாதே என்று அச்சில் எழுதுகிற துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை.

அடுத்து, ஒரே தெளிப்பில் களைத் தொல்லை தீரும் என்கிறார். எந்தக் களை? இந்த மருந்து புல்லை மட்டுமே கொல்லும். கோரை பார்வைக்குப் புல், ஆனால் புல் இனம் இல்லை. குவிசலோபாப்பில் அது குளித்துவிட்டு எழுந்து நிற்கும். சாரணைக்கும் மற்ற அகன்ற இலைக் களைகளுக்கும் ஒன்றும் ஆகாது. அருகு புல் இனம்தான், ஆனால் அதன் தண்டு மண்ணுக்குள் ஓடுகிறது. வழக்கமான அளவில் ஒரு தடவை அடித்தால் மேலே வாடி, கீழிருந்து மறுபடி கிளம்பும். வருஷா வருஷம் புல்லை மட்டும் ஒழித்துக்கொண்டே வந்தால், அந்த இடத்தைப் பிடிப்பது உளுந்து இல்லை, சாரணையும் கோரையும்தான்.

இதற்கும் அவரிடம் ஒரு பரிகாரம் தயாராக இருக்கிறது: நெல் வயலில் மிஞ்சிய 2,4-டி கொஞ்சம் சேர்த்து அடித்தால் ஒரே கூலியில் இரண்டு வேலை முடியுமாம். 2,4-டி அகன்ற இலைச் செடிகளைக் கொல்கிற மருந்து. உளுந்து அகன்ற இலைச் செடி. இதற்கு மேல் விளக்கம் தேவையா? அது போதாதென்று, 2,4-டி கூடச் சேர்ந்தால் இந்தப் புல் மருந்துகளின் வீரியமும் குறையும். புல் தப்பிக்கும், பயிர் சாகும். ஒரே கூலியில் இரண்டு வேலை முடிவது உண்மைதான்.

இனி, அவர் பூச்சாண்டி என்று தள்ளிய விஷயத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் ரைகிராஸ் என்ற புல்லை ஆட்டுத் தீவனத்துக்காக அவர்களே பரவலாக விதைத்தார்கள். பிறகு கோதுமை பெருகியதும் அதே புல் களையாகிவிட்டது. 1978இல் டைக்ளோபாப் என்ற புல் மருந்து அங்கே விற்பனைக்கு வந்தது. குவிசலோபாப்பின் மூத்த உறவு அது. 1982இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் அந்த மருந்துக்குச் சாகாத ரைகிராஸ் கிடைத்துவிட்டதாக ஈயன் ஹீப்பும் நைட்டும் அறிவித்தார்கள். நான்கே ஆண்டு! அதைவிடக் கலக்கம் தந்தது பிறகு தெரிந்த சேதி: டைக்ளோபாப்புக்குத் தப்பிய புல்லில் சில, அதுவரை அந்த வயலில் ஒரு துளிகூடப் படாத, வேறு நொதியைத் தாக்கும் வேறு குழு மருந்துக்கும் சாகவில்லை. கோதுமை ஏன் டைக்ளோபாப்பில் சாவதில்லை? அதை உள்ளே சிதைத்துச் செரித்துவிடுகிறது. ரைகிராஸும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டது. செரிக்கத் தெரிந்த பிறகு பெயர் மாறிய மருந்தெல்லாம் அதற்கு ஒன்றுதான்.

இது கோதுமைக் கதை, நமக்கென்ன என்று அவர் கேட்கலாம். மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமைக்கு மாற்றுப் பயிராக லூப்பின் என்ற பயறு வகையை விதைக்கிறார்கள். 1960களில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் அதைப் பயிராக்கித் தந்தார். பயறு வகை என்பதால் அதில் புல் மருந்தைத் தாராளமாக அடிக்கலாம், ரைகிராஸை ஒழித்துவிடலாம் என்றுதான் அங்கும் நினைத்தார்கள். நம் கட்டுரையாளர் இன்று எழுதுவதை அவர்கள் நாற்பது ஆண்டுக்கு முன்பே செய்து பார்த்துவிட்டார்கள். முடிவு: அறுவடை இயந்திரத்தின் வாலில் களை விதையை அரைத்து நொறுக்கும் ஆலையைப் பொருத்த வேண்டிய நிலை. அதை உருவாக்கிய ரே ஹாரிங்டன் விஞ்ஞானி இல்லை, விவசாயி. மருந்து கைவிட்ட பிறகு விவசாயிதான் பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் பஞ்சாப், ஹரியாணாவைப் பார்க்கட்டும். அங்கே கோதுமையில் வரும் பலாரிஸ் புல்லை மண்டுசி என்றும் குல்லி டண்டா என்றும் சொல்வார்கள். ஐசோபுரோட்டுரான் என்ற ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அது கேட்காமல் போயிற்று. ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆர்.கே. மாலிக்கும் சக ஆய்வாளரும் 1995இல் அதை உறுதிப்படுத்தி எழுதினார்கள். புல் மண்டிய கோதுமையைக் கதிர் முற்றும் முன்பே அறுத்து மாட்டுக்குப் போட்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு வந்தவை கிளாடினாபாப்பும் பெனாக்சாப்ராப்பும்: நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே குழு. அவற்றையும் மாற்றாமல் அடித்தார்கள். சில ஆண்டுகளில் அவற்றுக்கும் சாகாத புல் வந்தது. எங்கே முதலில் வந்தது? நெல்லும் கோதுமையும் மட்டுமே மாறி மாறி விதைத்த வயல்களில். நடுவில் பெர்சீம் தீவனமோ கரும்போ வந்துபோன இடங்களில் தொல்லை குறைவாக இருந்தது. பயிரை மாற்றினால் மருந்தும் மாறுகிறது, புல்லுக்கு ஒரே பரீட்சை திரும்பத் திரும்ப வருவதில்லை.

கட்டுரையாளர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய, ஆனால் ஒரு வரிகூட எழுதாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. டெல்டா விவசாயி உளுந்துக்குப் புல் மருந்து அடிக்கும்போது அந்த மருந்துக் குழு அந்த வயலுக்கு அன்றுதான் முதல் தடவை வருவதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். சம்பாவில் குதிரைவாலிப் புல்லுக்கு என்ன அடித்தார்கள்? சைஹலோபாப் என்றால் அது தாக்குவதும் அசிடைல் கோ-ஏ கார்பாக்ஸிலேஸைத்தான். நெல் அதைச் செரித்துவிடுவதால் நெல் பிழைக்கிறது. பிஸ்பைரிபேக் என்றால் அது தாக்குவது அசிட்டோலேக்டேட் சிந்தேஸ் என்ற வேறு நொதியை. உளுந்தில் புல்லோடு சில அகன்ற இலைக் களைகளுக்கும் சேர்த்து அடிக்கும் இமாசிதாபிர் தாக்குவதும் அதே சிந்தேஸைத்தான். ஆக, சம்பாவில் சைஹலோபாப், தையில் குவிசலோபாப் என்று அடிப்பவரும், சம்பாவில் பிஸ்பைரிபேக், தையில் இமாசிதாபிர் என்று அடிப்பவரும் மருந்தை மாற்றவே இல்லை. கம்பெனி வேறு, புட்டி வேறு, விலை வேறு. திறக்கிற பூட்டு ஒன்று. சம்பாவில் தப்பிய குதிரைவாலியின் விதை அதே மண்ணில்தான் விழுகிறது, அதே மண்ணில்தான் தையில் முளைக்கிறது. குதிரைவாலி இனங்கள் பல நாட்டு நெல் வயல்களில் இந்த இரண்டு குழுவுக்குமே எதிர்ப்புப் பெற்றுவிட்டன என்பது பதிவான செய்தி. தஞ்சாவூர் மண்ணுக்கு மட்டும் விதிவிலக்கு வாங்கித் தந்திருக்கிறாரா இவர்?

ஆஸ்திரேலியாவில் மருந்துப் புட்டியின் முகப்பிலேயே அது எந்தக் குழு என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். ரைகிராஸிடம் பட்ட அடியில் வந்த புத்தி அது. நம் ஊரில் அந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் விவசாயப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள். அவர்களில் ஒருவர் பூச்சாண்டி என்று எழுதிக்கொண்டிருக்கிறார்.

காசு இடித்தால் பாதி அளவு, டேங்குக்கு ஒரு மூடி என்ற யோசனை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிறது. ஐந்து சத குவிசலோபாப் ஹெக்டேருக்கு 50 கிராம் வீரியப் பொருள் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு 400 மி.லி. வரும். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் பத்து லிட்டர் டேங்குக்கு 20 மி.லி. அதே 20 மி.லி.யைக் கலந்துகொண்டு பத்து டேங்கோடு ஏக்கரை முடித்துவிட்டால், அடித்தது பாதி மருந்து. மூடியால் அளந்தால் எவ்வளவு விழுந்தது என்று அளந்தவருக்கே தெரியாது. பாதி அளவில் என்ன நடக்கும் என்பதைப் பால் நீவும் ஸ்டீபன் பவுல்ஸும் ரைகிராஸில் செய்து காட்டி 2005இல் வெளியிட்டார்கள்: குறைந்த அளவு டைக்ளோபாப் அடித்து, பிழைத்ததன் விதையை எடுத்து, மறுபடி விதைத்து மறுபடி அடித்தார்கள். சில தலைமுறையிலேயே எதிர்ப்பு விறுவிறுவென்று ஏறியது. கொஞ்சம் தாங்கும் செடிகளைச் சாகவிடாமல் காப்பாற்றி, ஒன்றோடொன்று மகரந்தம் கலக்கவிட்டால் நன்றாகத் தாங்கும் செடி பிறக்கிறது. குதிரைவாலி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே விதை கட்டுவதால் வேகம் குறையலாம், திசை மாறாது. இரட்டை அளவும் தப்பு, பாதி அளவும் தப்பு. இரண்டையும் ஒரே கட்டுரையில் சிபாரிசு செய்ய முடிந்திருக்கிறது இவரால்.

கம்பெனி புதிதாகக் கொண்டுவருவான் என்ற நம்பிக்கைக்கு வருவோம். 1980களுக்குப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டு, புதிய தாக்குமுறை கொண்ட பெரிய களைக்கொல்லி எதுவும் உலகச் சந்தைக்கு வரவில்லை. வந்தவையெல்லாம் பழைய குழுக்களில் புதிய பெயர்கள். இருப்பதும் நிரந்தரம் இல்லை: 2020 மே மாதம் மத்திய அரசு தடை செய்ய உத்தேசித்து வெளியிட்ட 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலில் பெண்டிமெத்தலினும் இருந்தது, பிறகு தப்பியது. கையில் இருக்கும் இரண்டு மூன்று குழுக்களை வீணடித்துவிட்டு யாரோ கொண்டுவருவார் என்று உட்கார்ந்திருப்பது விவசாயம் இல்லை.

இமாசிதாபிர் மண்ணில் தங்காது, அடுத்த பயிர் எதுவும் போடலாம் என்றும் ஒரு வாக்கு கொடுத்திருக்கிறார். அமெரிக்காவில் அந்த மருந்தின் லேபிளில் சர்க்கரைக் கிழங்கு போட 40 மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள். மண்ணில் அதைச் சிதைப்பது பெரும்பாலும் நுண்ணுயிர். நுண்ணுயிருக்கு ஈரம் வேண்டும். நெல் தரிசில் மாசிக்குப் பிறகு ஈரம் எங்கே இருக்கிறது? உளுந்துக்குப் பின் பருத்தியோ எள்ளோ போட நினைப்பவர் லேபிளைப் படிக்காமல் இவர் வாக்கை நம்பினால், முளை சுருங்கியதற்கு விதைக் கடைக்காரரோடு சண்டை போட வேண்டியிருக்கும்.

வேலை சீக்கிரம் முடிய விசைத்தெளிப்பானில் புகைபோல அடிக்கச் சொன்னதையும் விட்டுவிட முடியாது. குவிசலோபாப்புக்கு நெல்லும் ஒரு புல்தான். மறுதாம்பை மடக்க அது உதவுவதும் அதனால்தான். நம் வயலில் உளுந்துக்கு அடிக்கும் நாளில் பக்கத்து வயலில் தாளடி பால்பிடித்து நிற்கலாம். காற்றில் போன துளி அங்கே விழுந்தால், வரப்புத் தகராறு எங்கே போய் முடியும் என்பதையும் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம்.

பர்மா உளுந்து பற்றி ஒரு வார்த்தை. இந்தியா உலகில் பயறு வகைகளை அதிகம் விளைவிக்கும் நாடு, அதிகம் உண்ணும் நாடு, அதிகம் வாங்கும் நாடும்கூட. நெல் தரிசு உளுந்தில் விளைச்சல் குறைவதற்குப் புல் ஒரு காரணம். அறுவடை மெஷின் நசுக்கிப்போடும் முளை, பூக்கும் நேரத்தில் வற்றிப்போகும் மண், வெள்ளை ஈ கொண்டுவரும் மஞ்சள் தேமல் ஆகியவையும் காரணங்கள். ஒரு புட்டிப் புல் மருந்தால் இறக்குமதி நிற்கும் என்பது வியாபாரிப் பேச்சு.

சரி, என்ன செய்ய வேண்டும்? கடைக்குப் போகும் முன் சம்பாவுக்கு அடித்த மருந்தின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அது எந்தக் குழு என்று வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். உளுந்துக்கு அந்தக் குழு வேண்டாம். புல் இரண்டு முதல் நான்கு இலையில் இருக்கும்போது, மண்ணில் ஈரம் இருக்கையில், விசிறி முனை போட்ட கைத்தெளிப்பானில் முழு அளவை முழுத் தண்ணீரோடு ஒரே தடவை அடியுங்கள். வாடிய புல்லுக்கு மருந்து ஏறாது. முற்றிய புல் தப்பிக்கும். மூன்று வாரம் கழித்து வயலைச் சுற்றிவந்து, பிழைத்து நிற்கும் புல்லைக் கதிர் தள்ளும் முன் கையால் பிடுங்கி வெளியே போடுங்கள். ஆள் வேண்டியது இதற்குத்தான். வயல் முழுக்கக் களை எடுக்கும் கூலி இதில் வராது. தப்பியது ஏன் தப்பியது என்று தெரியாதவரை அதன் விதை மண்ணில் விழக் கூடாது. வரப்புப் புல்லுக்கும் இதே கணக்கு. வெளியூரிலிருந்து வரும் அறுவடை மெஷினை வயலில் இறக்கும் முன் தட்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அது நெல்லை மட்டும் சுமந்து வருவதில்லை. தண்ணீர் வராத குறுவைக் காலத்தில் கோடை உழவு போட்டு முளைத்த புல்லை மடக்குங்கள். முடிந்தால் தக்கைப்பூண்டு விதைத்து நிழலில் அமுக்குங்கள். அந்த ஒரு பருவம் எந்த மருந்தும் படாமல் புல் குறைந்தால், மருந்தின் ஆயுள் அவ்வளவு கூடுகிறது.

கட்டுரையாளர் அடுத்த முறை எத்தனை மி.லி. என்று எழுதுவதற்கு முன், அந்த வயலில் போன பருவம் என்ன அடித்தார்கள் என்ற கேள்வியை முதல் வரியாக எழுதட்டும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் தரும் எந்தச் சிபாரிசும் மருந்துக் கடை விலைப்பட்டியலுக்கு மேல் மதிப்புப் பெறாது; விலைப்பட்டியலை விவசாயிக்குக் கடைக்காரரே இலவசமாகக் கொடுக்கிறார்.